டொயோட்டா அக்சியோ ஹைபிரிட் எடுத்ததும் புக் பேருக்கு வந்ததும்

பெற்றோல் எஞ்சினும் கரண்ட் மோட்டரும் சேர்ந்து ஓடுற பழைய ஹைபிரிட் கார் எடுக்கப்போறன் எண்டு ஆருக்கிட்டயும் சொல்லிப் பாருங்க, பெட்டரி போனா என்ன செய்யப்போறாய் எண்டுதான் முதல் கேள்வி வரும். எனக்கும் எல்லாரும் அதத்தான் கேட்டாங்க. புக்குல, அதாவது வாகனப் பதிவுப் புத்தகத்துல, ஆர்ர பேர் இரிக்கு, லீசிங் கழிஞ்சிட்டா எண்டு ஒரு ஆளும் கேக்கல்ல. கடைசில என்னைக் குருநாகலுக்கும் கொழும்புக்கும் அலைய வச்சது அந்தப் புக்தான். பெட்டரி வேலை காசைக் குடுத்ததும் ஒரு பின்னேரத்துல முடிஞ்சிட்டு.

நான் களுவாஞ்சிகுடி, வேலை அம்பாறை டவுனுல. கல்முனை, காரைதீவுச் சந்தி, மாவடிப்பள்ளி, சம்மாந்துறை, மல்வத்தை எண்டு போனா ஒரு பக்கம் 40 கிலோமீட்டர் அளவுல வரும். பஸ்ஸுலதான் போய் வந்த, கல்முனையில இறங்கி மாறணும், பின்னேரத்துல சீட் கிடைக்கிறது அவங்கவங்கட அதிர்ஷ்டம். ஹைபிரிட் எண்ட எண்ணம் வந்தது 2022ல. ஜூன் மாசம் 92 ஒக்டேன் பெற்றோல் லீட்டர் 470 ரூவாக்குப் போச்சு, மறுகா பெற்றோல் அடிக்க கியூஆர் வந்து காருக்குக் கிழமைக்கு 20 லீட்டர் எண்டு அளந்து குடுத்தாங்க. எங்கட ஒழுங்கையில ஒரு சேர் அக்சியோ ஹைபிரிட் வச்சிருக்கார், அவரும் அம்பாறைப் பக்கம்தான் படிப்பிக்கிறார், நாளைக்கு 80 கிலோமீட்டர் படி அஞ்சு நாளும் அந்த 20 லீட்டரை வச்சே ஓடி முடிச்சிடுவார். மத்தக் கார்க்காரர் எல்லாரும் புதன்கிழமையோட காரை மூடிக் கட்டிட்டு சைக்கிள் தேடின காலம் அது.

காசு ஒரு மாதிரி சேர்ந்து வர 2024 ஆகிட்டு. காணியில ஒரு துண்டு வித்தது கொஞ்சம், பேங்க் லோன் கொஞ்சம். அப்ப ஊருல எல்லார்ர வாயிலயும் ஒரே கதை, இம்போட் திறக்கப் போறாங்க, பொறு, விலை விழும் எண்டு. 2020 மார்ச்சுல மூடினது, 2025 பெப்ரவரி முதலாந்திகதி தனியார் வாகனத்துக்கும் திறந்தாங்கதான், ஆனா வரியைப் போட்ட போடுல புதுக்கார் விலையைக் கேட்டவங்க திரும்பியும் பழைய காருக்குத்தான் வந்தாங்க. நான் பொறுக்கல்ல. என்ட கணக்கு சிம்பிள், ஜப்பான்ல இருந்து அவ்வளவு பழசை இறக்க விடமாட்டாங்க, அப்ப நான் தேடுற 2014 கார் இனி ஒண்டும் புதுசா வரப்போறல்ல, இஞ்ச கிடக்கிறதுதான் கைமாறிக்கொண்டு திரியும்.

செடான்தான் வேணும் எண்டு நிண்டதுக்குக் காரணம் மாமி. கால் ஏலாதவ, பின்சீட்டுல வடிவா நீட்டி இருக்கணும், டிக்கியில வீல் செயார் போகணும். எங்கட காசுக்கு அக்சியோ இல்லாட்டி ஹொண்டா கிரேஸ். கிரேஸ் பாக்க வடிவு, இழுவையும் நல்லம், இவருக்கு (என்ட வீட்டுக்காரர்) அதுலதான் கண். ஆனா அதுல ஏழு கியர் டபுள் கிளச் கியர்பொக்ஸ், அக்சியோல கிளச் எண்ட சாமானே இல்ல, எஞ்சினும் ரெண்டு மோட்டரும் ஒரு பல்லுச்சக்கரத் தொகுதியில பூட்டிக் கிடக்கு. சாய்ந்தமருதுல ஹைபிரிட் வேலை மட்டும் செய்யிற ஒரு கராஜ் நானா இரிக்கார், அவர் சொன்ன, "தங்கச்சி, இந்த ஊருல அதுக்கு சாமான் தேடி நீங்க அலையணும், இதுக்கெண்டா நாளைக்கே நான் எடுத்துத் தருவன்." அதோட அந்தக் கதை முடிஞ்சிட்டு.

இக்மன், ரியசெவன எண்ட ரெண்டு வெப்சைட்டுலயும் கார் விளம்பரம் பாத்துப் பாத்து கண் பூத்துப் போச்சு. நல்ல கார் எல்லாம் கம்பஹா, குருநாகல், கொழும்பு. கிட்டடியில ஒரு கார் சேலுலயும் ஒண்டு நிண்ட, வெள்ளை, சீட் கவர் புதுசு, உள்ளுக்க வாசம் வேற அடிச்சு வச்சிருந்தாங்க. நானா போய் முன்சீட் பெல்ட்டைப் புடிச்சு இழுத்தார், இழுத்துக்கொண்டே இருந்தார், முழுசா வெளிய வந்த இடத்துல கடைசிச் சாண் அளவு நாடா மட்டும் மண் நிறம், விரலால தேச்சா மா மாதிரிக் கொட்டுது. வெள்ளம் குடிச்ச கார். 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்ட ஊர்க்காரருக்கு அந்தச் சேத்து மணம் தெரியும்தானே. அக்சியோக்கு ஹைபிரிட் பெட்டரி இருக்கிறதே பின்சீட்டுக்குக் கீழ, அங்க தண்ணி போன காரை விலை எவ்வளவு குறைச்சுத் தந்தாலும் எடுக்கக் கூடாது. சேல்காரர் இவரப் பாத்து "அது முந்தின ஓனர் கடலுக்குப் போற ஆள் சேர்" எண்டார். ஆம், சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு கடலுக்குள்ள இறங்கியிருப்பார்.

இன்னொரு எரிச்சலும் சொல்லணும். விலை கேக்கிறது நான், காசு என்ட, ஓடப்போறதும் நான், ஆனா எல்லா இடத்துலயும் பதில் இவருக்குத்தான் போகுது. இவர் பாவம், மோட்டார் சைக்கிளைத் தவிர ஒண்டும் தெரியாது, எல்லாத்துக்கும் தலையை ஆட்டுவார், அவங்களும் பேரம் முடிஞ்ச எண்டு நினைப்பாங்க.

குருநாகல்ல பாத்ததுதான் எடுத்தது. அக்சியோ ஹைபிரிட் எண்டா சாசி நம்பர் என்கேஈ165 எண்டு தொடங்கணும், அத வச்சு ஜப்பான் ஏலத் தாளை எடுத்துப் பாத்த, கார்ர நிலைமைக்கு ஏலத்துல போட்ட கிரேட் 4, ஏலத்துல எழுதின கிலோமீட்டருக்கும் இப்ப மீட்டர்ல நிண்டதுக்கும் இடையில கணக்குச் சரியாத்தான் ஓடியிருக்கு. நானாவையும் கூட்டித்தான் போன. அவர் ஸ்டியரிங்குக்குக் கீழ ஒரு சின்னச் சாமானைக் குத்தி போனுல ஹைபிரிட் பெட்டரி பாக்கிற டொக்டர் பிரியஸ் அப்பைத் திறந்து, ஏசியை முழுசாப் போட்டு, மேடும் பள்ளமுமா ஓடச் சொல்லிட்டுப் பக்கத்துல இருந்து பாத்துக்கொண்டு வந்தார். இந்த பெட்டரி 7.2 வோல்ட் மொடியூல் 20 சேர்ந்து 144 வோல்ட். பாரம் குடுக்கிற நேரம் எல்லாம் ஒண்டா இறங்கி ஒண்டா ஏறணும், ஒண்டு மட்டும் கெதியா விழுந்தா அந்த இடம் செத்துக்கொண்டு வருது எண்டு அர்த்தம். எங்கடதுல விழல்ல, ஆனா இடைவெளி கொஞ்சம் கூட. நானா எனக்கு மட்டும் கேக்கிற மாதிரி, "ஓடும், ஆனா நீங்க மாத்தத்தான் வேணும், இப்பவே விலையில கழிங்க" எண்டார். 80 லட்சத்தைத் தொட்டுக்கொண்டு நிண்டவரை பெட்டரிக் காசு சொல்லிச் சொல்லியே இறக்கின.

மறுகா விக்கிறவர் புக்கை எடுத்து மேசையில வச்சார். அதுலதான் விசயம். ரெஜிஸ்டர் ஓனர் களுத்துறையில ஒரு ஆள், விக்கிறவர்ர பேர் எங்கயும் இல்ல. அவர் ஓப்பன் பேப்பருல வாங்கி வச்சிருக்கார், அதாவது முந்தின ஓனர் சைன் வச்ச, பேர் மாத்துற எம்டிஏ 6 போமும் ஐசி கொப்பியும் மட்டும். அது போதாதெண்டு எப்ஸலூட் ஓனர், அதாவது கடன் தீருமட்டும் காருக்கு உரிமைக்காரர், எண்ட இடத்துல ஒரு லீசிங் கம்பனி. லீசிங் கட்டி முடிஞ்ச, லெட்டர் வரும் எண்டார். முடிஞ்சதுக்கு ரிசீட் காட்டினார், உண்மைதான், ஆனா கம்பனி தன்ட பேரை எடுக்கச் சொல்லி லெட்டர் தராட்டி மோட்டார் திணைக்களத்துல பேர் மாறாது. கார் எனக்குப் புடிச்சிட்டு, நானாவுக்கும் புடிச்சிட்டு. அதால ஒரு லோயருக்கிட்ட போய் எழுதின, ஒரு பங்கு காசு எங்கட கையில, பேர் மாறின அண்டைக்குத்தான் குடுக்கிற எண்டு. விக்கிறவர் முகத்தைச் சுழிச்சார், ஆனா சைன் வச்சார். பழைய கார் எடுக்கிற ஆக்கள் இதை மட்டும் விட்டுக் குடுக்காதீங்க, நாங்க கையில புடிச்ச காசாலதான் அந்த மனிசன் கடைசி வரைக்கும் போன் எடுத்த.

லெட்டருக்கு ரெஜிஸ்டர் ஓனரே வந்து கேக்கணுமாம். ஆள் கட்டாருல. கிளையில கேட்டா ஹெட் ஒபிஸ் எண்டாங்க, ஹெட் ஒபிஸ்ல கேட்டா எந்தக் கிளையில லீசிங் போட்ட அங்க போங்க எண்டாங்க, ஒரு பிள்ளை மட்டும் போனுல நல்ல மாதிரிக் கதைச்சு என்னென்ன வேணும் எண்டு சொல்லிச்சு, அடுத்த முறை எடுத்தா அந்தப் பிள்ளை அங்க இல்ல. இப்பிடியே மாசங்கள் போகுது, நான் அந்தக் காரைத்தான் ஒவ்வொரு நாளும் அம்பாறைக்கு ஓடுறன். பொலிஸ் மறிச்சா நெஞ்சு திக்கெண்டு இருக்கும், ஆனா லைசன்ஸ் கேப்பாங்க, இன்சூரன்ஸ் கேப்பாங்க, விட்டுடுவாங்க.

அந்த இடையில வருச லைசன்ஸுக்கு புகைச் சோதனை வந்த. ஹைபிரிட் நிண்ட இடத்துல எஞ்சினை நிப்பாட்டிடும்தானே, பைப்பைக் குத்திட்டுப் பாத்தா எஞ்சின் இல்ல. அங்க நிண்ட பொடியன் கெட்டிக்காரன். காரை ஓன் மட்டும் பண்ணி பார்க்கிங்ல வச்சு எக்ஸலேட்டரை முழுசா ரெண்டு தரம், நியூட்ரல்ல ரெண்டு தரம், திரும்பியும் பார்க்கிங்ல ரெண்டு தரம் மிதிச்சிட்டு, புறகு பிரேக்கை மிதிச்சு ஸ்டார்ட் அடிச்சான், எல்லாம் ஒரு நிமிசத்துக்குள்ள. மெயின்டனன்ஸ் மோட் எண்டு வந்து எஞ்சின் நிக்காமலே ஓடிச்சு. எனக்கு அண்டைக்குத்தான் தெரியும்.

அதுக்குப் புறகு ஒரு நாள் பின்னேரம், சரியான வெயில், மாவடிப்பள்ளி தாண்டுற நேரம் பின்சீட்டுப் பக்கம் ஃபேன் ஹோ எண்டு கத்துது, டேஷ்போர்டுல சிவப்பு முக்கோணம், கார் இழுக்குதில்ல. ஓரமா நிப்பாட்டிட்டு முதல் நினைச்சது என்ன தெரியுமா, பெட்டரிக்கு லட்சக்கணக்குல போட்டு மாத்துறதெண்டா ஆர்ர காருக்கு மாத்துறன்? புக்குல என்ட பேர் இல்ல. கொஞ்சம் ஆறவிட்டு மெல்ல மெல்ல சாய்ந்தமருதுக்கு உருட்டிக்கொண்டு போன.

நானா பின்சீட்டைக் கழட்டினார். பெட்டரிக்குக் காத்து போறது சீட்டுப் பக்கத்துல இருக்கிற ஒரு சின்னச் சல்லடையால, அதுக்குப் புறகு ஃபேன். சல்லடையில பஞ்சு, தலைமயிர், நாய் மயிரோ பூனை மயிரோ, அதுக்கு மேல எங்கட கடற்கரை மண். ஃபேன் இதழ் ஒவ்வொண்டுலயும் சாம்பல் நிறத்துல கம்பளி ஒட்டின கணக்கு. பிரஷ்ஷும் காத்தும் அடிச்சு துப்பரவாக்கின உடன சத்தம் பாதியாக் குறைஞ்சிட்டு. ஸ்கேன் பண்ணிப் பாத்தா சூட்டால ரெண்டு மொடியூல் பலவீனம். வேற ஆக்கள் அந்த ரெண்டை மட்டும் மாத்தித் தருவாங்க, மலிவு, ஆனா பழசுகளுக்கு நடுவுல புதுசைப் போட்டா கொஞ்ச நாளுல அடுத்தது விழும், மறுகா அடுத்தது. மாத்தினா முழுசா மாத்துறது எண்டு நான் முடிவெடுத்த, ஆனா புக் வந்த புறகுதான். அதுவரைக்கும் வெயில் நேரம் கண்ணாடியைச் சாத்தி ஏசியைப் போட்டே ஓடச் சொன்னார், ஏனெண்டா அந்த ஃபேன் இழுக்கிறது காருக்குள்ள இருக்கிற காத்தைத்தான், உள்ளுக்க குளிரா இருந்தா பெட்டரிக்கும் குளிர்.

கட்டார்க்காரர் லீவுல வந்ததாலதான் வழி திறந்த. விக்கிறவர் போன் பண்ணிச் சொன்ன அண்டைக்கு இரவே பஸ் ஏறிட்டம். அவர் நல்ல மனிசன், எங்களோட கம்பனிக்கு வந்து கையெழுத்து வச்சார், லெட்டர் கைக்கு வந்த. மறுகா நாரஹேன்பிட்டி மோட்டார் திணைக்களம். புக், லெட்டர், ரெண்டு பேர்ர ஐசி கொப்பி, போம் எல்லாத்தையும் வரிசையா கிளிப் பண்ணிக் கொண்டு போன, அங்க வேலை சுணங்கல்ல. புதுப் புக்குல என்ட பேரைக் கண்ட உடன, புடிச்சு வச்ச காசை விக்கிறவர்ர கணக்குல போட்ட. ஒரு தேங்க்ஸ் மெசேஜும் அனுப்பினார், மனசாரவோ தெரியாது.

பெட்டரி அடுத்த கிழமையே மாத்தின. பழசைத் திருப்பிக் குடுத்தா விலையில கழிப்பாங்க, அதைக் கேட்டு வாங்குங்க, தானாச் சொல்லமாட்டாங்க. செம்மஞ்சள் நிற வயர் எல்லாம் ஹை வோல்டேஜ், நானா கையுறை போட்டு, பெட்டரிக் கரண்டைத் துண்டிக்கிற சேவிஸ் பிளக்கைக் கழட்டி வச்சிட்டுத்தான் தொட்டார். வீட்டுல ஆரும் அதுல கைவைக்க வேணாம்.

புறகு கண்டிக்குப் போன, வரக்குள்ள மஹியங்கனை 18 வளைவு. இறக்கத்துல பி (B) கியருல, பார்க்கிங் இல்ல, எஞ்சினால வேகம் புடிக்கிற கியருல, போட்டு இறங்கினா பிரேக் சூடாகாது. பாதியில பெட்டரி நிரம்பிட்டு, எஞ்சின் சும்மா உறுமத் தொடங்கிட்டு, இவர் காரை நிப்பாட்டு நிப்பாட்டு எண்டு கத்துறார். ஒண்டுமில்ல, பெட்டரியில இடமில்லாம எஞ்சினைச் சுத்த வச்சு வேகத்தைப் புடிச்சு வைக்குது, அவ்வளவுதான்.

இப்ப அம்பாறை ஓட்டத்துக்கு லீட்டருக்கு 21, 22 கிலோமீட்டர் தருது, கல்முனை டவுன் நெரிசல்ல ஏசியோட நிண்டா 17க்கு வரும். ஜப்பான்ல 33 எண்டு எழுதியிருக்கிறதை இஞ்ச ஆரும் காணப்போறல்ல. எஞ்சின் ஒயில் 0டபிள்யூ-20 மட்டும். ஃபேன் சல்லடையை ஒவ்வொரு சேவிஸுக்கும் கழட்டச் சொல்லுறன். ஏசி வேலைக்கு விட்டா முதலே சொல்லுங்க, இதுர கம்பிரசர் கரண்ட்டுல ஓடுறது, என்டி-11 ஒயில்தான் ஊத்தணும், சாதாரணக் காருக்கு ஊத்துறதை ஊத்தினா கம்பிரசர் போயிடும், அது பெட்டரியை விடப் பெரிய தலையிடி. முன்னுக்கு சில்லுப் பக்கம் லோவர் ஆம் புஷ் எண்ட றப்பர் ரெண்டும் சத்தம் போடத் தொடங்கியிரிக்கு, மண்டூர்ப் பக்கம் சொந்தக்காரர் கூடி, அந்த ரோட்டால அடிக்கடி போனதுர விளைவு. மாரி தொடங்க முதல் அதையும் பின் டயர் ரெண்டையும் மாத்தணும், நானாவுக்கிட்ட சொல்லி வச்சிரிக்கன்.