வைவாவில் கல்லீரல் வந்தால்

"ஹெப்பட்டைட்டிஸ் பி-யில் கல்லீரல் செல்லைக் கொல்வது யார்?" பேத்தாலஜி (நோய்க்குறியியல்) வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் கேட்ட முதல் கேள்வி. யோசிக்கவே இல்லை, "வைரஸ் சார்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அப்படியா? பிரசவத்தில் தாயிடமிருந்து தொற்றிய குழந்தைக்குப் பெரும்பாலும் காமாலையே வருவதில்லையே, ஏன்?" எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அன்று மைக்ரோஸ்கோப் ஸ்லைடைப் பார்த்துச் சொல்லும் பகுதிதான் என்னைக் கரையேற்றியது.

அந்த வைரஸ் தானாகச் செல்லைப் பெரிதாகச் சேதப்படுத்துவதில்லை. தொற்றிய செல்லைத் தேடி அழிப்பவை நம்முடைய நோய் எதிர்ப்பு அணுக்களான டி செல்கள்தான். பச்சிளம் குழந்தையின் உடல் அப்படிப் பாய்வதில்லை. காமாலை வராது, வைரஸும் போகாது. பிறக்கும்போது தொற்றினால் சுமார் 90 சதவீதம் பேருக்கு அது நாள்பட்டதாகிவிடும். பெரியவர்களில் 5 சதவீதத்துக்கும் குறைவு. பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போடச் சொல்வது இதனால்தான்.

என் தப்பு, இம்யூனாலஜியை (நோய் எதிர்ப்பியல்) ஒரு நோட்டிலும் கல்லீரலை வேறொரு நோட்டிலும் படித்தது. அப்புறம் எல்லாவற்றையும் ஒரே தாளில் படமாக வரைந்தேன். குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் வெயின். கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் முக்கால் பங்கு அது வழியாகத்தான் வருகிறது, கூடவே பாக்டீரியாத் துணுக்குகளும். கல்லீரலுக்குள் இருக்கும் நுண்ணிய ரத்தக் குழாய்களான சைனுசாய்டுகளில் ரத்தம் மெதுவாக நகரும். சுவரில் ஒட்டிக்கொண்டு குப்ஃபர் செல்கள் என்ற விழுங்கணுக்கள் அந்தத் துணுக்குகளைப் பிடித்து விழுங்கும். சாப்பிடும்போதெல்லாம் வரும் இந்தக் குப்பைக்காகக் கல்லீரல் சண்டைக்குக் கிளம்பினால் நாம் தாங்குவோமா? அதனால் அது பொறுத்துப்போகப் பழகியிருக்கிறது. ஹெப்பட்டைட்டிஸ் பி, சி வைரஸ்கள் அங்கே நிலைத்துவிட இந்தப் பொறுமையும் ஒரு காரணம். கிருமியை அழிக்க உதவும் கம்ப்ளிமென்ட் புரதங்கள், அழற்சியின்போது ரத்தத்தில் கூடும் சிஆர்பி புரதம் இரண்டுக்கும் தயாரிப்பு இடம் பெரும்பாலும் கல்லீரல்தான். எம்சிக்யூவுக்கு (விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விக்கு) அவ்வளவு போதும்.

கல்லீரல் முழுக்கத் தழும்பேறும் சிரோசிஸுக்குத் தனியாகப் படிக்க வேண்டியதில்லை, அதே படத்தைக் கெடுத்து வரையுங்கள். தழும்பு விழுந்ததால் ரத்தம் குறுக்கு வழியில் போகிறது, குப்ஃபர் செல்லைச் சந்திப்பதில்லை. கம்ப்ளிமென்ட் உற்பத்தியும் குறைகிறது. பாக்டீரியா வயிற்று நீர்வரை போய்விடும்.

ஃபைனல் இயரில் எனக்கு லாங் கேஸாக (ஒரு நோயாளியை விரிவாகப் பரிசோதித்துச் சொல்லும் தேர்வு) வந்ததும் சிரோசிஸ்தான். "வயிற்றில் நீர், இப்போது காய்ச்சலும் வருகிறது. என்ன செய்வாய்?" என்றார் எக்ஸாமினர். "நீரை எடுத்து நியூட்ரோஃபில் எண்ணுவேன் சார். ஒரு கன மில்லிமீட்டருக்கு 250 இருந்தாலே ஆன்டிபயாடிக் தொடங்குவேன், கல்ச்சர் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க மாட்டேன்" என்றேன். (நியூட்ரோஃபில் ஒரு வகை வெள்ளணு; கல்ச்சர், கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை.) அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.