படகு டிரெய்லரில் உப்பு தங்கும் இடங்கள்

மெல்பர்னை ஒட்டிய போர்ட் பிலிப், வெஸ்டர்ன் போர்ட் ஆகிய இரு விரிகுடாக்களிலும் சிறிய அலுமினியப் படகுகளைக் காரின் பின்னே இழுத்து வந்து இறக்குபவர்கள் ஏராளம். பழைய படகு ஒன்றை விலை பேசும்போது அவர்கள் அடிப்பகுதியின் ரிவெட்டுகளைத் தடவிப் பார்க்கிறார்கள், எஞ்சினை ஓடவிட்டுக் கேட்கிறார்கள். அந்தப் படகைச் சுமந்து நிற்கும் டிரெய்லரின் அடியில் குனிந்து பார்ப்பவர்கள் மிகச் சிலரே. நான் வாங்கிய 4.2 மீட்டர் படகுடன் வந்த டிரெய்லரும் விற்றவரின் பேச்சில் ஒரு கொசுறாகவே இடம்பெற்றது. படகைக் காட்டிலும் அதிக நேரத்தை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டது அந்தக் கொசுறுதான்.

வெளியே தெரியும் செந்துருவை நான் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. படகு டிரெய்லர் அழிவது, உப்புநீர் புகுந்து வெளியேற வழியின்றித் தங்கும் மறைவிடங்களில்தான்: இரும்புக் குழாய்களின் உட்புறம், அதிர்வைத் தாங்கும் கமான் பட்டைகளின் இடுக்கு, பட்டை அச்சின் மேல் உட்காரும் இடம், சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பின் உள்ளே. ஆகவே முதலில் முடிவு செய்ய வேண்டியது சட்டகம் காப்பாற்றத் தக்கதா என்பதே. எல்லா வெல்டிங்கும் முடிந்த பிறகு சுமார் 450 டிகிரி செல்சியஸில் உருகிய துத்தநாகத்தில் முழுதாக முக்கி எடுத்த சட்டகம் என்றால், குழாய்களில் விடப்பட்ட துளைகள் வழியே துத்தநாகம் உட்புறத்துக்கும் சென்றிருக்கும். வெளியே ஓரிரு கீறல்கள் இருந்தாலும், சுற்றியுள்ள துத்தநாகம் தானே அரிபட்டு இரும்பைக் காக்கும். வண்ணம் மட்டும் பூசிய சதுரக் குழாய்ச் சட்டகத்துக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அதைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போகும்போது கணீரென்ற ஒலி மந்தமாக மாறினாலோ, துளைகளிலிருந்து துருச் செதில்கள் உதிர்ந்தாலோ, மேலே எவ்வளவு புதுப்பூச்சு இருந்தாலும் அதற்குச் செலவிடுவது வீண் என்பது என் கருத்து. எனக்குக் கிடைத்தது துத்தநாக முலாம் பூசியது. சட்டகம் உறுதியாக இருந்தது, அதில் பூட்டப்பட்ட பாகங்கள்தாம் போயிருந்தன.

கமான் பட்டைகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து வண்ணம் அடித்துத் திரும்பப் பூட்டுவதை நான் ஏற்பதில்லை. துரு இரண்டு பட்டைகளுக்கு நடுவே இருந்து அவற்றை நெம்பித் தள்ளிக்கொண்டிருக்கும்போது வெளிப்புறத்தைத் துலக்கி ஒரு பயனும் இல்லை. புதிய முலாம் பூசிய பட்டைகள் அப்படியொன்றும் விலை கூடியவை அல்ல. பட்டையை அச்சோடு பிணைக்கும் யு போல்ட்டுகளைக் கழற்ற முயன்று பொழுதைப் போக்காமல் கிரைண்டரால் அறுத்தெறிந்துவிட்டுப் புதியவற்றைப் போடுவதே முறை; ஒருமுறை இறுகி நீண்ட யு போல்ட்டை மீண்டும் பயன்படுத்தக் கூடாது. அறுத்தெடுத்த பிறகுதான், பட்டை மறைத்துக்கொண்டிருந்த அச்சின் பகுதி எந்த அளவு குழிந்து மெலிந்திருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். அந்த இடம் மெலிந்திருந்தால் அச்சையே மாற்றிவிட வேண்டும். புதுப் பட்டைகளின் இடுக்கில் ஆட்டு ரோமக் கொழுப்பான லேனோலின் தெளிப்பை அடிக்கடி அடித்துவந்தால் அவை நீண்ட நாள் உழைக்கும். மீன் எண்ணெயும் அதே வேலையைச் செய்யும். அக்கம்பக்கத்துப் பூனைகள் அதைத் தெரிந்துகொள்ளும் என்பது மட்டுமே குறை.

பேரிங் விஷயத்தில் மட்டும் எந்தச் சுருக்கு வழியும் கிடையாது. நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வந்த சக்கரத்தின் ஹப் சூடாகியிருக்கும்; அதன் உள்ளே கிரீஸோடு காற்றும் விரிந்திருக்கும். வந்த வேகத்திலேயே டிரெய்லரைப் படகு இறக்கும் சரிவில் பின்னோக்கி இறக்கிக் குளிர்ந்த கடல்நீரில் மூழ்கடித்தால், உள்ளிருக்கும் காற்று சட்டெனச் சுருங்கி, பின்புற ஆயில் சீல் என்ற ரப்பர் வளையத்தின் விளிம்பு வழியே நீரை உறிஞ்சிக்கொள்கிறது. கிரீஸ் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் நடந்தது இதுதான் என்று கொள்ளலாம். படகின் கட்டுகளை அவிழ்ப்பது, வடிகால் அடைப்பான் பொருத்தப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது போன்ற வேலைகளைச் சரிவுக்கு மேலேயே முடித்து, அதற்குள் ஹப் கைபொறுக்கும் அளவுக்கு ஆறியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்த பிறகு இறக்குவதே நல்லது.

ஆஸ்திரேலியாவில் சிறு டிரெய்லர்களில் பெரும்பாலும், கார் நிறுவனங்களின் பெயரால் அழைக்கப்படும் இரண்டு வகை பேரிங்குகளே காணப்படுகின்றன. ஹோல்டன் வகையில் வெளி பேரிங் எல்எம் 11949, உள் பேரிங் எல்எம் 67048. ஃபோர்ட் வகையில் வெளி பேரிங் எல்எம் 12749, உள் பேரிங் எல் 68149. கடைக்குப் போகுமுன் கழற்றிய பேரிங்கின் விளிம்பில் பொறித்திருக்கும் எண்ணைப் படித்துக்கொள்வது அலைச்சலைக் குறைக்கும். உருளைகளில் நீல நிறம் ஏறியிருந்தால் சூட்டில் வெந்தது என்றும், புள்ளிக் குழிகள் இருந்தால் நீர் பட்டு நின்றது என்றும் பொருள். பேரிங்கை மாற்றும்போது ஹப்பில் அடித்து இறக்கியிருக்கும் வெளிவளையத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும். நீரில் கரைந்தோடாத மரைன் கிரீஸை உள்ளங்கையில் வைத்து, பேரிங்கின் அகன்ற விளிம்பால் அழுத்தி அழுத்தி, மறுபுறம் பிதுங்கி வரும்வரை ஏற்ற வேண்டும். வெவ்வேறு அடிப்படை கொண்ட கிரீஸ்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் இளகி ஓடக்கூடும் என்பதால் பழையதை முழுவதுமாகக் கழுவிவிடுவது அவசியம். அச்சு முனையின் நட்டைச் சக்கரம் சுழலச் சுழல இறுக்கி, பிறகு சற்றே தளர்த்தி, அருகிலுள்ள துளைக்கு நேராக்கிப் நட்டு கழலாமல் காக்கும் காட்டர் பின்னைப் புதிதாகச் செருக வேண்டும். மிக மெல்லிய ஆட்டம் இருக்கலாம், இறுக்கம்தான் கூடாது. சீல் உரசும் இடத்தில் அச்சு குழிந்திருந்தால் எத்தனை புதிய சீல் போட்டாலும் நீர் புகுந்தே தீரும்.

ஹப்பின் வெளிமுனையில் பொருத்தும் சுருள்வில் வைத்த மூடிகள் அதன் உள்ளே சிறிது அழுத்தத்தை நிலைநிறுத்துவதால் உண்மையிலேயே உதவுகின்றன. ஆனால் கிரீஸ் துப்பாக்கியை அளவின்றி அழுத்திப் பின்புற சீலைப் பிதுக்கித் தள்ளுவோர் நிறையப் பேர். மேலும், ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிப் பார்ப்பதற்கு அந்த மூடி மாற்றாகாது.

படகு அமரும் மரக்கட்டைகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். வெளியில் பயன்படுத்துவதற்கெனப் பதப்படுத்திய பைன் மரத்தில் செம்புச் சேர்மங்கள் உண்டு. ஈரமான கம்பளம் சுற்றிய அந்தக் கட்டையின் மேல் அலுமினியப் படகு மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தால், உப்பும் செம்பும் சேர்ந்து படகின் அடிப்புறத் தகட்டை அரித்துக் குழியாக்கும். நான் கம்பளத்தைக் கழற்றிவிட்டுப் பிளாஸ்டிக் பட்டைகளைப் பதித்தேன்.

விளக்குகளில் வரும் கோளாறுகளில் பெரும்பங்கு எர்த் கம்பியைச் சேர்ந்தது. துருப்பிடித்த சட்டகத்தை நம்பாமல், ஒவ்வொரு விளக்கிலிருந்தும் எர்த்துக்கான வெள்ளைக் கம்பியைத் தனியே காரோடு சேரும் இணைப்பான்வரை இழுத்து, நீரில் மூழ்கத் தக்க எல்இடி விளக்குகளைப் பொருத்திவிட்டால் அந்தத் தொல்லை தீர்ந்தது.

அறுத்த இடங்களுக்கும் துளையிட்ட இடங்களுக்கும் துத்தநாகம் செறிந்த பூச்சு போதும், ஆனால் அது வெறும் உலோகத்தின் மேல் படிய வேண்டும்; துருவின் மேல் பூசினால் பயனில்லை. முலாம் பூசிய இரும்பில் வெல்டிங் செய்வதானால், அந்த இடத்து முலாமை முதலில் தேய்த்து அகற்றி, காற்றோட்டமான வெளியில் செய்ய வேண்டும். துத்தநாகப் புகையைச் சுவாசித்தால் அன்றிரவே குளிரும் காய்ச்சலும் வரும்.

எடைக் கணக்கையும் விட்டுவிட முடியாது. சக்கரங்களின் மேல் இறங்கும் மொத்த எடை 750 கிலோவுக்கு மேற்படாத ஓரச்சு டிரெய்லருக்கு இங்கே பிரேக் கட்டாயமில்லை. அதற்கு மேல் 2,000 கிலோ வரை ஓர் அச்சின் சக்கரங்களிலாவது பிரேக் வேண்டும். படகின் எடையை மட்டும் பார்த்து நிம்மதியடைபவர்கள் எஞ்சின், பேட்டரி, பெட்ரோல், நங்கூரம், ஐஸ் பெட்டி ஆகியவற்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும். சுமையுடன் எடைமேடையில் ஏற்றிப் பார்ப்பதே நம்பத் தகுந்த வழி.

டயர்கள் தேய்ந்து போவதற்கு முன்பே வயதாகிப் பக்கவாட்டில் வெடிக்கின்றன. எந்த ஆண்டு, எந்த வாரம் செய்யப்பட்டவை என்பதைப் பக்கச் சுவரின் நான்கு இலக்க எண் சொல்லிவிடும். நான் ஸ்டெப்னியுடன் நிற்காமல், பேரிங்கும் சீலும் கிரீஸும் ஏற்றிய முழு ஹப் ஒன்றை உறையிலிட்டு, அதற்கான ஸ்பேனர், காட்டர் பின்கள், தாழ்ந்த அச்சின் அடியில் நுழையக்கூடிய ஜாக்கி ஆகியவற்றோடு காரின் பின்புறத்தில் வைத்திருக்கிறேன். காரோடு வரும் ஜாக்கி பெரும்பாலும் டிரெய்லருக்குப் பொருந்தாது. அதை வீட்டு வாசலிலேயே ஒருமுறை வைத்துப் பார்த்துவிடுங்கள்.