தீசிஸில் தொலைந்துபோன 'பாக்கி'

பவானியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் காவிரிக்கு அக்கரையில் குமாரபாளையம் தெரியும். காற்று இந்தப் பக்கம் திரும்புகிற இரவுகளில் விசைத்தறிச் சத்தமும் கேட்கும். அந்தத் தறிப்பட்டறைகளில் ஓனரிடம் தொழிலாளிகள் வாங்கும் முன்பணத்தைப் பற்றித்தான் என் முனைவர் பட்ட ஆய்வு. ஊரில் அதற்குப் பெயர் பாக்கி. அந்த ஆய்வைப் புத்தகமாக்க ஓராண்டு எழுத்து ஃபெலோஷிப் ஒன்று இப்போது கிடைத்திருக்கிறது, இரண்டாவது முயற்சியில். அது எப்படிக் கிடைத்தது என்று போனில் கேட்கிறவர்களுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

எந்த உதவி எதற்கு என்று புரிந்துகொள்ளவே எனக்கு வெகுநாள் ஆனது. இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எஸ்.எஸ்.ஆர்., 1969இல் தொடங்கப்பட்டது) ஆய்வு ஃபெலோஷிப்புகள் தருகிறது, வெளியீட்டுக்கும் நிதி தருகிறது. ஆனால் வெளியீட்டு நிதி கேட்கக் கையெழுத்துப் பிரதி முடிந்திருக்க வேண்டும். என்னிடம் பிரதி இல்லை, அதை எழுத நேரமும் இல்லை. சிம்லாவின் இந்திய உயர் ஆய்வு நிறுவனத்தில் தங்கி ஒரு நூலை முடித்துக் கொடுக்கலாம். அருமையான வாய்ப்புதான். ஆனால் ஒன்றாம் வகுப்பில் படிக்கும் பையனை விட்டுவிட்டுப் போக என்னால் முடியாது. நியூ இந்தியா ஃபவுண்டேஷன் சுதந்திரத்துக்குப் பிந்தைய இந்தியாவைப் பற்றிய நூல்களுக்கு உதவுகிறது. அங்கே போட்டி கடுமை. நான் தேர்ந்தெடுத்தது புதிய களப்பணிக்கு அல்லாமல், முடிந்த ஆய்வை எழுதி வெளியிட மட்டுமே பணம் தரும் வேறொன்று. ஊரிலிருந்தே எழுதலாம் என்பதால் அது எனக்குச் சரியாக இருந்தது.

முதல் வருடம் தீசிஸ் சுருக்கத்தை அப்படியே ப்ரபோசல் ஆக்கி அனுப்பினேன். நோக்கங்கள், கருதுகோள், 120 குடும்பங்களின் மாதிரி, அட்டவணைகள். நிராகரித்தார்கள். மதிப்பீட்டாளர் குறிப்பில், ஆய்வு கவனமாகச் செய்யப்பட்டிருக்கிறது, புத்தகம் எங்கே என்றுதான் தெரியவில்லை என்ற பொருளில் இரண்டு வரி. படித்ததும் கோபம் வந்தது. ஒரு வாரம் கழித்து மறுபடி படித்தபோது அவர் சொன்னது சரி என்று தெரிந்தது.

அப்புறம் பழைய களக் குறிப்பேடுகளை எடுத்து உட்கார்ந்தேன். மூன்றாவது நோட்டில், தறியில் இருபது வருடம் நின்ற ஓர் அக்கா சொன்னதை அவர் பேச்சிலேயே எழுதி வைத்திருந்தேன். பேசும்போது அவர் கை நிற்கவே இல்லை. நூல் சுற்றிய தார் தீர்ந்த நாடாவை (தறியில் குறுக்கே ஓடும் ஓடத்தை) எடுத்து, புதுத் தார் போட்டு, மறுபடி தறியை ஓட்டிவிட்டு, அந்தச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திச் சொன்னார்: "பாக்கி குடுக்கற ஓனருக்குத்தான் கண்ணு நாம வேணும்னு அர்த்தம். குடுக்காட்டி, போனாப் போறான்னு உட்டுருவாங்க."

தீசிஸில் இந்த வரி இல்லை. 'பாக்கி' என்ற சொல்லே முதல் அத்தியாயத்தில் ஒரு முறை வந்து, பிறகு எல்லா இடத்திலும் 'அட்வான்ஸ்', 'டெட் பாண்டேஜ்' (கடன் கொத்தடிமை) என்று ஆங்கிலத்தில் மாறியிருந்தது. கடன் கட்டிப்போடுகிறது என்பது பொய் இல்லை. முப்பதாயிரம் பாக்கி நிற்கிறபோது பட்டறை மாற வேண்டுமென்றால் புது ஓனர் அதை அடைக்க வேண்டும். ஆனால் அதே பாக்கி, தொழிலாளிக்குத் தன் மதிப்பைச் சொல்லும் அளவுகோலாகவும் இருக்கிறது. இரண்டும் ஒரே சொல்லுக்குள் இருந்தன. மொழிபெயர்த்தபோது ஒன்றை நான் தொலைத்துவிட்டேன். என் புத்தகம் அந்த இடத்தில்தான் இருந்தது.

இரண்டாவது ப்ரபோசலை அந்த அக்காவின் தறியிலிருந்து தொடங்கினேன். பாக்கி என்ற சொல்லை மொழிபெயர்க்காமல் கடைசிவரை வைத்தேன். இந்த ஊர் பாக்கியைப் பற்றி மானிடவியலாளர் கீர்ட் டி நீவ் 1990களின் களப்பணியை வைத்து ஏற்கெனவே எழுதியிருக்கிறார். முதல் முறை அவரை மேற்கோள்களில் ஒருவராகக் கடந்து போயிருந்தேன். இந்த முறை அவர் விட்ட இடத்திலிருந்து என் கேள்வியை எடுத்தேன்: குழு லோன் வீட்டு வாசலுக்கே வந்து வாரத் தவணை வசூலிக்கும் காலத்தில், ஓனரின் பாக்கிக்கு என்ன ஆகிறது? உங்களுக்கு முன்னால் எழுதியவரை மறைக்காதீர்கள். அவரைப் பெயர் சொல்லி, அங்கிருந்து எவ்வளவு தூரம் போகிறீர்கள் என்று காட்டுவதுதான் நேர்மை. மதிப்பிடுகிறவருக்கும் அதுதான் வேண்டியிருக்கிறது.

மாதிரி அத்தியாயத்தில் வேறொரு சிக்கல். எங்கள் தீசிஸ்கள் எல்லாம் சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் ஏறிவிடுகின்றன. அதனால் என் அத்தியாயத்தை, வேறு எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனையில் போட்டபோது 41 சதவீதம் காட்டியது, அத்தனையும் என் தீசிஸோடு. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2018 விதிமுறைப்படி 10 சதவீதம் வரைதான் சிறு ஒப்புமை. தன் சொந்த ஆய்வேடுதான் என்று விளக்கக் கடிதம் வைக்கலாம். நான் அப்படிச் செய்யாமல் அத்தியாயத்தைத் தீசிஸைத் திறக்காமலே புதிதாக எழுதினேன், பதினோரு நாள். அட்டவணைகள் போய் ஆட்கள் வந்தார்கள். இதைச் செய்யாமல் விட்டிருந்தால் ஃபெலோஷிப் கிடைத்திருக்காது என்றே நினைக்கிறேன்.

அதிக நாள் பிடித்தது எழுத்து அல்ல, ஃபார்வர்டிங் லெட்டர். நான் கௌரவ விரிவுரையாளர். சம்பளமில்லா விடுப்பு தருவோம் என்று கல்லூரி ஒரு கடிதமும், இணைப்பு தரும் நிறுவனம் ஒரு கடிதமும் வேண்டும். ஒரு கோப்பு மூன்று மேஜை தாண்ட 23 நாள். கையெழுத்துப் போட வேண்டியவர் ஊரில் இல்லை, சீல் வைத்திருப்பவர் விடுப்பு. கடைசி நாளுக்கு முந்தைய சாயங்காலம் ஐந்தே காலுக்குத்தான் கடிதம் கைக்கு வந்தது. அன்று பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதேன். ஆகவே அறிவிப்பு வந்த அன்றே இந்தக் கடிதத்துக்கு மனு கொடுத்துவிடுங்கள். ப்ரபோசல் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

நேர்காணல் ஆன்லைனில், இருபது நிமிடம். முறையியல் பற்றி இரண்டு கேள்வி, கால அட்டவணை பற்றி ஒன்று. கடைசியாக, நீங்கள் எழுதப்போகும் ஆட்கள் இதைப் படிப்பார்களா என்று கேட்டார்கள். ஆங்கிலத்தில் படிக்க மாட்டார்கள், அத்தியாயம் முடிய முடியத் தமிழில் நானே வாசித்துக் காட்டுவேன் என்றேன். முன்கூட்டி யோசித்த பதில் இல்லை. ஆனால் சொன்ன பிறகு அது வாக்கு.

போன மாதம் முதல் அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு ஆற்றுப் பாலம் தாண்டிப் போனேன். அக்கா இப்போது தறிக்குப் போவதில்லை, முழங்கால் வலி. திண்ணையில் உட்கார்ந்து தமிழில் வாசித்தேன். மகள் கல்யாணத்துக்காக அவர் பாக்கி வாங்கிய பக்கம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கல்யாணத்துக்கில்ல கண்ணு. மூத்தவ பெரியவளான சீருக்கு. அவ கல்யாணத்தப்போ பாக்கியெல்லாம் அடஞ்சு போச்சு."

"அப்படீங்களா அக்கா, மாத்திடறேனுங்க" என்று சொல்லி, அங்கேயே பேனாவை எடுத்து அந்த வரியை அடித்து எழுதினேன். மீதிப் பக்கங்களையும் வாசிக்கச் சொன்னார்.