எத்தனை ஆள் வேலை?

ஏப்ரல் 4, 2024, வியாழன்

குமரி மாவட்டத்தில் இரணியல் பக்கம் ஒரு பழைய ஓட்டு வீடு. வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற டீச்சர். மேற்குப் பக்கம் மூன்று இடத்தில் ஒழுகுகிறதாம். இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, தொடங்கும் முன் ஓடெல்லாம் இறக்கி, கெட்டுப்போன மரத்தை மாற்றி, திரும்ப வேயணும் என்றார். உட்காரச் சொல்லும் முன்பே கேட்டுவிட்டார்: "மக்ளே, எத்தன ஆளு சோலி வரும்?"

ஒரு ஆள் என்றால் ஒருவரின் ஒரு நாள் வேலை. எங்களூரில் யாரும் "எவ்வளவு ஆகும்" என்று தொடங்குவதில்லை. கொத்தனாருக்கு என்ன கூலி, கையாளுக்கு என்ன கூலி என்பது எல்லா வீட்டுக்கும் தெரியும். ஆள் எண்ணிக்கையைச் சொல்லிவிட்டால் மீதியை அவர்களே பெருக்கிக்கொள்வார்கள். அதனால் அந்த எண்ணைச் சொல்லும்போதுதான் எனக்கு நாக்கு உலரும்.

ரெண்டு நாள் தாங்க டீச்சர் என்று சொல்லிவிட்டு டேப்பைப் பிடித்தேன். இறவாணம், அதாவது சுவரைத் தாண்டி நீளும் கூரை ஓரம், உட்பட நீளம் 40 அடி, அகலம் 28. இறவாண மட்டத்திலிருந்து மோட்டு உயரம் 8 அடி. மோடு என்பது கூரையின் உச்சி. வடக்கு தெற்காக மோடு, கிழக்கும் மேற்கும் சரிவு. அப்பாவும் கூட வந்திருந்தார். மூட்டு வலிக்குப் பிறகு அவர் ஏணி ஏறுவதில்லை. திண்ணையில் உட்கார்ந்து டீச்சரோடு ஒக்கிப் புயல் கதை பேசிக்கொண்டிருந்தார். நான் உள்ளே மச்சில் ஏறி, டார்ச் அடித்து, மோட்டிலிருந்து சுவருக்குச் சாய்ந்து கூரையைத் தாங்கும் கழுக்கோல் ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதினேன். பக்கத்துக்கு 21, மொத்தம் 42. எல்லாம் அண்டி எண்ணெய் (முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய்) பூசிக் கறுகறுவென்று இருந்தது. இறவாணத்துப் பக்கம் ஆறு மட்டும் மோசம்.

ஏப்ரல் 6, சனி

இன்று முழுக்க நோட்டும் பேனாவும்தான். நான் ஆளில் தொடங்குவதில்லை, மணியில் தொடங்குவேன். டிப்ளமோ படித்தபோது ஒட்டிக்கொண்ட பழக்கம்.

முதலில் பரப்பு. நூறு சதுர அடி ஒரு சதுரம். 40ஐ 28ஆல் பெருக்கி 1,120 சதுர அடி, பதினொன்றேகால் சதுரம் என்று நிறுத்தினால் அங்கேயே தோற்றோம். கூரை படுத்துக் கிடக்கவில்லை, சாய்ந்து நிற்கிறது. பாதி அகலம் 14, உயரம் 8 என்றால் சரிவு நீளம் 16 அடிக்குக் கொஞ்சம் மேல். இரண்டு பக்கமும் சேர்த்து 1,290 சதுர அடி, ஏறக்குறைய 13 சதுரம். விட்டுப்போயிருக்கும் அந்த ஒன்றேமுக்கால் சதுரத்துக்கு யாரும் கூலி தரமாட்டார்கள்.

மங்களூர் ஓடு சதுர மீட்டருக்கு 15 வீதம் 1,800 ஓடு. ஒன்று இரண்டரை கிலோ என்று வைத்தாலும் நாலரை டன். இறக்கணும், திரும்ப ஏற்றணும். ஆக ஒன்பது டன் மனுஷக் கை வழியாகப் போய் வரணும். இதை எழுதிப் பார்த்தபோதுதான் ஓட்டு வேலை என்பது முக்கால்வாசி சுமட்டு வேலை என்று உறைத்தது.

நாலு பேர் வரிசையாக நின்று கைமாற்றினால் மணிக்கு 180 ஓடு இறங்கும். பத்து மணி நேரம், நாலு பேர், 40 மணி. கம்பி பிரஷ்ஷால் பாசி தேய்த்து, உடைசலைக் கழிக்க 30. பழைய பட்டியலைக் கழற்ற 20. ஓடு உட்காரும் குறுக்குச் சட்டம், வெளியூரில் ரீப்பர் என்பதைத்தான் நாங்கள் பட்டியல் என்கிறோம். கழுக்கோல் ஆறு மாற்ற, இரண்டு பேர் மூன்று மணி நேரம் வீதம் 36. புதுப் பட்டியல் பக்கத்துக்கு 16 வரி, இரண்டு பக்கமும் 32. வரிக்கு இரண்டு பேர் அரைமணி என்று 32 மணி. ஓடு ஏற்றி வேய 72. மோட்டு ஓடு பதித்துப் பூச 16, இரண்டு முகப்பு ஓரமும் பூச 16. சாரம் கட்டி அவிழ்க்க 16. கூட்டினால் 278 மணி.

காலை எட்டு முதல் மாலை ஐந்து என்பது பேருக்குத்தான். சாயா, சாப்பாடு, பதினொன்றுக்கு ஒரு சாயா, பீடி, போன் எல்லாம் போக, கை ஓடுவது ஆறரை மணி. 278ஐ அதால் வகுத்தால் 43 ஆள். பத்து சதவீதம் கூட்டி 48 என்று வட்டமிட்டேன்.

ஏப்ரல் 8, திங்கள்

நோட்டை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடி போடாமலே திருப்பித் தந்தார்.

"அம்பத்தஞ்சு வரும்."

"எப்படிப்பா? எதுல விட்டேன்?"

"வரும்னேன் இல்லியா. வேணும்னா எழுதி வை."

வேறு ஒரு வார்த்தை வரவில்லை. இவர்கள் தலைமுறை ஆசாரிமார் கணக்கைச் சொல்வார்கள், வழியைச் சொல்லமாட்டார்கள். எனக்குக் கோபம். டீச்சரிடம் 48 என்றே சொன்னேன். "கரெண்டுக் கணக்கு மாதிரி பின்னாடி கூட்டப்பிடாது கேட்டியா" என்று சிரித்தார்.

ஏப்ரல் 19, வெள்ளி

இன்று ஓட்டு. விளவங்கோடு ஆட்களுக்கு நாடாளுமன்றம், சட்டமன்ற இடைத்தேர்தல் என்று இரண்டு ஓட்டு. "ஓட்டுக்குப் பொறவு ஓடு" என்று கொத்தனார் அண்ணன் சொல்லிவிட்டார். திங்கள் தொடக்கம்.

ஏப்ரல் 22, திங்கள்

மேற்குச் சரிவை மட்டும் திறந்தோம். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரம் திறந்துபோட்டு ஒரு மழை வந்தால் டீச்சரின் புத்தக அலமாரிக்கு யார் பதில் சொல்வது?

மணிக்கு 180 என்று எழுதியிருந்தேன் அல்லவா? முதல் மணியில் 190 இறங்கியது. எனக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல். இரண்டாம் மணி 160. பதினொன்றரைக்கு ஓடு தொட்டால் சுடுகிறது, 110தான். பன்னிரண்டு முதல் இரண்டரை வரை மேலே யாரும் நிற்க முடியவில்லை, நானும் நிற்கச் சொல்லவில்லை. சித்திரை வெயில் என் நோட்டில் எந்த வரியிலும் இல்லை.

இன்னொன்று. சுவரோரம் ஓட்டை அடுக்கலாம் என்று நினைத்திருந்தேன். அங்கே டீச்சரின் நல்லமிளகுக் கொடி. இலை வாடினாலும் அவருக்கு மனம் தாங்காது. அதனால் நாற்பது அடி தள்ளி, பலாமரத்தடியில். ஒவ்வொரு ஓட்டுக்கும் நாற்பது அடி, திரும்பும்போது நாற்பது அடி. இதற்கென்றே ஐந்தாவது ஒரு ஆள்.

ஏப்ரல் 23, செவ்வாய்

தேய்க்கும்போது கண்டது: ஓட்டின் அடியில் இரண்டு வகை முத்திரை. பெரும்பாலானவை ஒரு கம்பெனி, நூற்றுச் சொச்சம் வேறு கம்பெனி. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், ஆனால் ஒன்றின் பள்ளத்தில் மற்றது சரியாக உட்காராது. ஒரு நூல் இடைவெளி போதும், காற்றோடு வரும் மழை உள்ளே ஏறிவிடும். ஒழுகிய மூன்று இடமும் இந்தக் கலப்படம் இருந்த இடம்தான். மங்களூரில் 1865இல் பாசல் மிஷன்காரர்கள் தொடங்கிய தொழில், பிறகு எத்தனையோ கம்பெனிகள் அதே மாதிரியைச் செய்தன. அதே மாதிரி என்பது அதே அளவு அல்ல.

அடுக்கியதை எல்லாம் பிரித்து, முத்திரை பார்த்து, திரும்ப அடுக்கு. நடையும் இதுவுமாகக் கணக்கில் இல்லாத 24 மணி இங்கே போயிற்று.

ஏப்ரல் 25, வியாழன்

கெட்ட நாள். பட்டியலைக் கழற்றியபின் கொத்தனார் அண்ணன் மேலிருந்து கூப்பிட்டார். "பிள்ளே, உளிய கொண்டு வா."

கழுக்கோலின் அடிமுனை, சுவர்மேல் உத்தரத்தில் உட்காரும் இடம். உளியை வைத்து அழுத்தினேன். வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. அடுத்தது, அதற்கடுத்தது. மேற்கில் இருந்த 21இல் 15 போய்விட்டது. மேலே கறுப்பு எண்ணெய் மினுங்குகிறது, உள்ளே சிதல், கரையான், தின்று தூள்.

அப்பாவை வண்டியில் கூட்டிவந்தேன். ஒரு துண்டை எடுத்து முகர்ந்து, நகத்தால் சுரண்டி, "தெங்கு" என்றார். தென்னை மரம். கிழக்குப் பக்கத்தில் இருப்பது முதிர்ந்த பனங்கை, பனை மரத்தில் அறுத்த கழுக்கோல், வைரம் பாய்ந்தது, தாத்தா காலத்து மரம். மேற்கில் மட்டும் தென்னை எப்படி வந்தது?

"ஒக்கிக்கு அந்தப் பக்கம் பிடுங்கிட்டுப் போச்சுன்னு டீச்சர் அண்ணைக்கே சொன்னாவ. 2017 நவம்பர் முப்பது. அந்த வருஷம் நம்ம ஜில்லாவுல சாயாத தெங்கு ஏது? விழுந்த மரத்த அறுத்து எல்லாவனும் கூரையில வச்சான். காயப் போடக்கூட நேரம் இல்ல. அதுக்கு மேல அண்டி எண்ணெய் பூசினா பனையும் தெங்கும் ஒண்ணு போலத்தான் தோணும்."

திண்ணையில் ஊர்க்கதை பேசியதாக நினைத்தேனே, அதுதான் அவருடைய எஸ்டிமேட். நான் மச்சில் டார்ச் அடித்துப் பார்த்ததைவிட அவர் கீழே உட்கார்ந்து அதிகம் பார்த்திருக்கிறார்.

"அப்பவே சொல்லியிருக்கலாம்லப்பா?"

"நீ கேக்கல. எதுல விட்டேன்னுதான் கேட்ட. நீ எதையும் விடல. பாத்தது சரிதான்."

இரவு வரை இந்தப் பதிலை மென்றுகொண்டிருந்தேன். இன்னும் விழுங்க முடியவில்லை.

ஏப்ரல் 30, செவ்வாய்

பலகை மில்லில் அயினி மரம் அறுத்து வர மூன்று நாள் போயிற்று. இடையில் ஒரு ஞாயிறு, பாதிப் பேருக்குக் கோயில். நாள் நழுவுகிறதே என்று இன்று மூன்று பேரை அதிகமாகக் கூப்பிட்டேன். மொத்தம் ஏழு பேர்.

கூட்டம் கூடியதே தவிர வேலை கூடவில்லை. ஏணி ஒன்று. மேலே கழுக்கோல் பிடிக்க நிற்கும் இடம் இரண்டு பேருக்குத்தான். நாலு பேர் கீழே நின்று, மேலே இருக்கிறவர்களுக்கு யோசனை சொன்னார்கள். 42 மணிக்குக் கூலி கொடுத்தேன், நாலு பேர் செய்யும் வேலைதான் நடந்தது. காகிதத்தில் மணியை ஆளால் வகுக்கலாம், ஏணியை வகுக்க முடியாது. இன்னொரு ஏணி வாடகைக்கு எடுத்திருந்தால் மூன்று ஆள் கூலி மிஞ்சியிருக்கும். இது எனக்குத் தோன்றியபோது மணி நாலரை.

நாளை மே தினம், வேலை இல்லை. நல்லது.

மே 3, வெள்ளி

மேற்கில் ஓடு ஏறி முடிந்தது. கிழக்கைத் திறந்த அன்றே மூன்றரைக்கு வேளிமலை பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. கோடைமழை. தார்ப்பாயை இழுக்க நாலு பேர் ஓடினோம். காற்று ஒரு மூலையைத் தூக்கியடித்து என் கையில் கயிறு கிழித்துவிட்டது. டீச்சர் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டார்.

தினமும் மாலை தார்ப்பாய் போர்த்துவது, காலை எடுப்பது, இதற்கு இரண்டு பேருக்கு முக்கால் மணி. சின்ன வேலைதான். பன்னிரண்டு நாளுக்குப் பார்த்தால் 18 மணி, மூன்று ஆள் கூலி. எந்த நோட்டில் இதற்கு வரி இருக்கிறது?

மே 4, சனி

கையாள் தம்பி வரவில்லை. குளச்சல் கடற்கரைப் பக்கம் வீடு, கள்ளக்கடல் (திடீரென்று பொங்கிவரும் பேரலை) எச்சரிக்கை, வள்ளத்தை மேலே இழுத்துப்போடணும் என்றான். சரி என்றேன். அதற்குமேல் என்ன சொல்ல?

கிழக்கில் கெட்டது இரண்டு கழுக்கோல்தான். பனை பனைதான்.

மே 8, புதன்

மோட்டு ஓடு பூசி முடிந்தது. சாரம் இறங்கியது. மாலை திண்ணையில் உட்கார்ந்து கூட்டினேன். 386 மணி, 63 ஆள். கழுக்கோல் ஆறுக்குப் பதில் பதினேழு ஆனதில் மட்டும் 66 மணி. மீதம் நடை, முத்திரை, தார்ப்பாய். ஒரு ஆளுக்கு ஆறரை மணி என்று எழுதியது ஆறேகாலைக்கூடத் தொடவில்லை, வெயில் தின்றுவிட்டது. அப்பா வந்து நின்ற நாட்களும் நான் நின்ற நாட்களும் இந்த 63இல் இல்லை. எங்களுக்கு எப்போதும் கூலி எழுதுவதில்லை.

டீச்சரிடம் நோட்டைத் திறந்து காட்டினேன். ஒவ்வொரு வரியாகப் படித்தார், தாள் திருத்துகிறவர்போல. மரத்துக்கு முழுத் தொகை தருகிறேன், கூலி ஐம்பத்தைந்து ஆளுக்குத் தருகிறேன் என்றார்.

"ஏன் டீச்சர் அம்பத்தஞ்சு?"

"உன் அப்பா அண்ணைக்கு எறங்கிப் போகும்போ அதத்தான் சொல்லிட்டுப் போனாரு."

எட்டு ஆள் கூலி எங்கள் கையிலிருந்து. வண்டியில் வரும்போது பின்னால் உட்கார்ந்திருந்த அப்பா ஒன்றும் பேசவில்லை. தக்கலையில் நிறுத்தி சாயா வாங்கிக் கொடுத்தேன். அவரும் தோற்றிருந்தார் என்பது கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது.

ஜூன் 3, திங்கள்

மே 30 அன்று கேரளத்தில் பருவமழை தொடங்கிவிட்டதாக அறிவித்தார்கள். நேற்று காலை டீச்சர் போன். வடமேற்கு மூலையில் ஒரு சொட்டு.

இன்று மழை விட்ட இடைவேளையில் நானும் கொத்தனார் அண்ணனும் போனோம். யாரோ மிதித்து ஒரு ஓடு கீறியிருக்கிறது. மிதித்தது யார் என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை. மேலிருந்து வரி பிரித்து, அதை மாற்றி, திரும்ப மூடிவிட்டு இறங்க ஒன்றரை மணி நேரம். இரண்டு பேர்.

வீட்டுக்கு வந்து 386ஐ அடித்துவிட்டு 389 என்று எழுதினேன்.