தை மாதத்தில் மாறாமலையில் ஓர் இரவு

குளிர் வேண்டுமென்றால் மூணாறுக்கோ கொடைக்கானலுக்கோ வண்டி பிடிக்க வேண்டும் என்று எங்கள் ஊரில் ஒரு நினைப்பு. ஆனால் நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் ஏறி, பூதப்பாண்டி, தடிக்காரன்கோணம் தாண்டி கீரிப்பாறையில் இறங்கினால் மலை அங்கேயே தொடங்கிவிடுகிறது. ஆயிரம் அடி ஏறினால் சுமார் 2 டிகிரி குறையும். தை மாதக் காற்றும் சேர்ந்துகொண்டால் கம்பளி இல்லாமல் படுக்க முடியாது. குளிரை நம் குமரி மாவட்டத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டு ஏன் வெளியே தேடுகிறோம் என்பது எனக்கு ரொம்ப நாளாகவே ஆதங்கம்.

நாங்கள் நான்கு பேர், நர்ஸிங் படித்த காலத்திலிருந்தே தோழிகள். குளச்சல்காரி, குலசேகரம்காரி, தக்கலைக்காரி, நான். ஊர்ப் பேர் சொல்லிக் கூப்பிடுவது ஹாஸ்டலில் ஒட்டிக்கொண்ட பழக்கம். தக்கலைக்காரியின் சித்தப்பாவுக்கு மாறாமலையில் கிராம்புத் தோட்டம் இருக்கிறது. இந்தக் காடுகள் 2008-ல் வனவிலங்குச் சரணாலயம் ஆனவை. யானை நடமாட்டமும் உண்டு. அதனால் கூடாரம் என்ற பேச்சே எடுக்கவில்லை. தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், ஒரு அறை, அதற்கும் சித்தப்பா முன்கூட்டியே அனுமதி வாங்கி வைத்திருந்தார்.

ஜீப் அனுப்பட்டுமா என்று கேட்டார். வேண்டாம் சித்தப்பா, சுமந்துகொண்டு நடந்தே வருகிறோம் என்றோம். என் முதுகில் மகனின் என்.சி.சி. பை. கம்பளி, ஸ்வெட்டர், டார்ச், தண்ணீர், இரண்டு செட் உடுப்பு. குளச்சல்காரி பையில் நெத்திலிக் கருவாடு, குலசேகரம்காரியிடம் மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) ஒரு சீப்பு மட்டிப்பழமும்.

கீழே பாதையோரம் ரப்பர் தோட்டம். ரப்பர் மரம் இலை உதிர்ப்பதும் இந்தப் பருவத்தில்தான். பச்சையாகவே பார்த்துப் பழகிய தோட்டம் செம்பும் மஞ்சளுமாக நின்றது. காலடியில் சருகு நொறுங்கியது. பால்வெட்டு நிறுத்தியிருந்த மரங்களில் சிரட்டைகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். குலசேகரம்காரியின் அப்பா வெட்டுத் தொழிலாளியாக இருந்தவர். "இந்த மாசந்தான் அப்பா வெளிச்சம் வந்த பிறகு எழும்புவாரு" என்று ஒரு மரத்தைத் தொட்டுக்கொண்டே சொன்னாள். அதற்கு மேல் அவளும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மேலே போகப்போக நன்றாக வியர்த்தது. எங்கள் மலைக் குளிரில் ஒன்று கவனிக்க வேண்டும். ஏறும்போது வியர்த்து நனைந்த துணியோடு மேட்டில் காற்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால், கொஞ்ச நேரத்தில் உடம்பு நடுங்க ஆரம்பித்துவிடும். லயம் கண்ணில் பட்டதுமே தக்கலைக்காரி, "ஏட்டி, முதல்ல உள்ள போய் துணிய மாத்து, அப்புறம் மலையப் பாரு" என்று எல்லோரையும் விரட்டினாள். பருத்தி ஈரத்தை விடாது. போகிறவர்கள் உடம்போடு ஒட்டிப் போட உலர்ந்த சட்டை ஒன்றைத் தனியாக, பாலித்தீன் கவரில் சுற்றி எடுத்துப் போங்கள்.

அன்று சாயங்காலத்தைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். பகலில் பறித்த கிராம்பு மொட்டு கொத்துக் கொத்தாகக் குவிந்திருந்தது. வேலை செய்கிற அக்காமார் சுற்றி உட்கார்ந்து காம்பையும் மொட்டையும் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நாங்களும் உட்கார்ந்தோம். கொத்தை ஒரு உள்ளங்கையில் வைத்து மறு கையால் அழுத்தித் திருக வேண்டும். ஒரு அக்கா என் கையைப் பிடித்துக் காட்டிக்கொடுத்தார். பச்சை மாறி இளஞ்சிவப்பு ஏறும்போதே மொட்டைப் பறித்துவிட வேண்டும், பூவாக விரிந்தால் விலை போகாது என்றார். இதற்காக உயரமான மரத்தில் ஏணி சாய்த்து, காற்றடிக்கிற காலத்தில் ஏறுகிறார்கள். பிரித்த மொட்டை நான்கைந்து நாள் வெயிலில் காய வைத்தால் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

கிராம்பு இந்தோனேசியத் தீவுகளின் மரம். கிழக்கிந்தியக் கம்பெனி 1800 வாக்கில் குற்றாலத்தில் நட்டது, 1850-க்குப் பிறகு நாகர்கோவில் பக்கத்து மலைகளுக்கு வந்தது. இன்று கன்னியாகுமரி கிராம்புக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. பிரியாணியில் அதை எடுத்து ஓரமாக வைக்கிற கை எனக்கும் உண்டு. இனி வைக்க மனம் வராது.

ராத்திரிக்கு அடுப்பங்கரையில் மரச்சீனி அவித்து, கருவாட்டைச் சுட்டு, காந்தாரி மிளகாயும் உள்ளியும் சதைத்துத் தொட்டுக்கொண்டோம். பிறகு கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பி. வெளியே தீ மூட்டவில்லை. காய ஆரம்பித்த காட்டின் ஓரத்தில் அது கூடாது.

பத்து மணிக்குக் கம்பளியோடு முற்றத்தில் நின்றோம். மழைக்காலம் முடிந்து வானம் துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி இருந்தது. உச்சிக்குச் சற்றுத் தெற்கே சிரியஸ், அதற்குக் கீழே அகத்திய நட்சத்திரம். இரவு வானத்து நட்சத்திரங்களில் பிரகாசத்தில் முதலிடமும் இரண்டாமிடமும் இவற்றுக்குத்தான். டெல்லியில் வேலை பார்த்த வருஷங்களில் அகத்தியனைத் தேட வேண்டியிருக்கும், தொடுவானத்தை ஒட்டிக் கட்டிடங்களுக்குப் பின்னால் கிடக்கும். இங்கே தெற்கு வானத்தில் நன்றாக மேலேறி நிற்கிறது. விடியுமுன் நான்கு மணிக்கு எழுந்தவள் மற்ற மூன்று பேரையும் எழுப்பித் தெற்குச் சிலுவை நட்சத்திரக் கூட்டத்தையும் காட்டினேன். குளச்சல்காரி, "எங்க அப்பா கடல்ல இத வச்சித்தான் தெக்கு பார்ப்பாரு" என்றாள். மலையில் நின்று அவள் கடலைப் பற்றிப் பேசியதை விடியும் வரை கேட்டுக்கொண்டிருந்தோம்.

காலையில் பாய்களில் கிராம்பைப் பரப்ப உதவிவிட்டு இறங்கினோம். போக நினைக்கிறவர்கள் தை, மாசிக்குள் போய்விடுங்கள். அனுமதி இல்லாமல் கிளம்பாதீர்கள். தோட்டத்தில் தெரிந்தவர் யாரும் இல்லையென்றால் முதலில் வனத்துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். போனால் அக்காமாரோடு உட்கார்ந்து ஒரு குவியலாவது பிரித்துக் கொடுங்கள்.