சிறு படகும் கூடாரமும்: கிப்ஸ்லாந்து ஏரிகளுக்கு ஒரு குடும்பப் பயணத் திட்டம்

ஈஸ்டரை ஒட்டி வரும் பள்ளி விடுமுறையில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் உள்ள கிப்ஸ்லாந்து ஏரிகளுக்குச் சென்று, படகில் மட்டுமே போய்ச் சேரக்கூடிய பங்கா ஆர்ம் கரையில் கூடாரம் அடித்துத் தங்குவது என்று வீட்டில் முடிவு செய்திருக்கிறோம். நாங்கள் நால்வர். எங்களிடம் இருப்பது 4.2 மீட்டர் நீளமுள்ள, இங்குள்ளவர்கள் ‘டின்னி’ என்று அழைக்கும் அலுமினியப் படகும், அதை ஏற்றிச் செல்லும் ஒற்றை அச்சு டிரெய்லரும்தான். இப்படிப்பட்ட பயணத்துக்குத் திட்டமிடுகிற பலர் முதலில் இடத்தைத் தேர்ந்தெடுத்து, அடுத்துச் சாமான்களைச் சேர்த்து, படகைப் பற்றிக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். படகு சிறியதாக இருந்தால் இந்த வரிசை தலைகீழாக மாற வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அது எவ்வளவு எடை தாங்கும், எந்தக் காற்றில் பிள்ளைகளோடு போகலாம் என்ற இரண்டையும் முதலில் தீர்மானித்துவிட்டால், இடமும் சாமான்களும் நாட்களும் அந்த வரம்புக்குள் தாமாகவே வந்து அமரும்.

சென்னையிலிருந்து தம்பி தொலைபேசியில் பேசும்போது, “படகும் இருக்கிறது, பக்கத்தில் கடலும் இருக்கிறது, பிறகு ஏன் அண்ணா ஏரியில் சுற்ற வேண்டும்?” என்று கேட்டான். கேள்வி நியாயமானதே. இந்த ஏரிகளையும் பாஸ் நீரிணை என்ற கடற்பகுதியையும் இணைக்கும் வாய்க்கால், லேக்ஸ் என்ட்ரன்ஸ் என்ற ஊரில் 1889-இல் வெட்டித் திறக்கப்பட்டது. அதன் வெளிவாயில் மணல்திட்டு உண்டு. ஏரி நீர் வேகமாக வெளியேறும் நேரத்தில் கடல் அலை எதிர்த்து வந்தால், அந்தத் திட்டின் மேல் அலைகள் செங்குத்தாக எழுந்து உடைகின்றன. அனுபவமுள்ள மீனவர்கள் பெரிய படகுகளில் நேரம் பார்த்துக் கடக்கும் இடம் அது. பிள்ளைகளை ஏற்றிய சிறு படகுக்கு அங்கே வேலை இல்லை. பங்கா ஆர்ம் எங்களுக்குப் பிடித்ததற்குக் காரணமே, கடலைப் படகால் தொடாமல் காலால் தொட முடிகிறது என்பதுதான். அது 90 மைல் கடற்கரையின் மணல்மேடுகளுக்குப் பின்னால் நீளும் ஒடுங்கிய நீர்ப்பரப்பு. படகைக் கரையில் கட்டிவிட்டு மேட்டைத் தாண்டி நடந்தால் திறந்த கடல். இந்தப் பக்கம் பிள்ளைகள் துடுப்புப் போட்டுப் பழகும் அளவுக்கு அமைதியான தண்ணீர்.

ஆனால் அங்கே போய்ச் சேர, பெயின்ஸ்வில் என்ற ஊரின் படகுத்துறையிலிருந்து ரேமண்ட் தீவை ஒட்டிய மக்மில்லன் நீரிணை வழியாக இறங்கி, இந்த ஏரிகளுள் ஒன்றான விக்டோரியா ஏரியின் திறந்த பகுதியைக் கடந்தாக வேண்டும். பயணத்தின் முழு ஆபத்தும் அந்தச் சில கிலோமீட்டர்களில்தான் இருக்கிறது. ஏரி நீண்டு கிடப்பதால் மேற்கிலிருந்து வீசும் காற்றுக்கு ஓடிவர நிறைய இடம் கிடைக்கிறது. ஆழம் குறைவு என்பதால் அலைகள் நெருக்கமாகவும் குத்தலாகவும் எழுகின்றன. உயரத்தில் சிறியவையாகத் தெரிந்தாலும், தாழ்ந்த பக்கங்களைக் கொண்ட படகுக்குள் தண்ணீரைக் கொட்ட அவை போதும்.

ஆஸ்திரேலிய வானிலைத் துறை இந்த ஏரிகளுக்கென்றே தனி முன்னறிவிப்பு வெளியிடுகிறது. அதைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதில் சொல்லப்படும் காற்றின் வேகம் சராசரிதான், வீச்சுகள் அதைவிட 40 சதவீதம் வரை கூடலாம் என்று அத்துறையே எச்சரிக்கிறது. அதாவது 15 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு சுமார் 1.85 கிலோமீட்டர்) என்று எழுதியிருந்தால் 21 நாட் வீச்சை எதிர்பார்க்க வேண்டும். ஆகவே முன்னறிவிப்பில் காற்று 10 நாட் வேகத்துக்கு மேல் போனால் பிள்ளைகளோடு ஏரியைக் கடப்பதில்லை என்று நானும் என் மனைவியும் எல்லை வகுத்திருக்கிறோம். இது சட்டம் சொல்லும் எண் அல்ல, எங்கள் படகையும் எங்கள் பழக்கத்தையும் வைத்து நாங்களே எழுதிக்கொண்டது. எல்லையை வீட்டில் உட்கார்ந்து நிதானமாக எழுதிவிடுவது முக்கியம் என்று நினைக்கிறேன். துறையில் நின்றுகொண்டு, பிள்ளைகள் அவசரப்படுத்த, முன்பணம் கட்டிய இடம் காத்திருக்க முடிவெடுப்பது நல்லதல்ல. பிற்பகலில் கடற்காற்று எழும் என்பதால் கடப்பது காலையில் மட்டுமே. அதற்காக முதல் இரவை பெயின்ஸ்வில்லிலேயே கழிக்கிறோம்.

அடுத்தது எடை. படகின் பின்பக்கம் அதைக் கட்டியவர் ஒட்டியிருக்கும் தகட்டில் எத்தனை பேர், மொத்தம் எத்தனை கிலோ என்று பொறித்திருக்கும். ஆட்களின் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு அதோடு திருப்தி அடைந்துவிடக் கூடாது, ஏனென்றால் கிலோ கணக்கில் சாமான்களும் சேரும். பங்கா ஆர்மில் குடிநீர் கிடையாது, முழுவதையும் கொண்டுபோக வேண்டும். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர் என்று வைத்தால் நால்வருக்கு 20 லிட்டர். மூன்று நாளுக்கு 60 லிட்டர், அதாவது 60 கிலோ. கூடுதலாக ஒரு பெரியவர் படகில் ஏறி உட்கார்ந்ததற்குச் சமம். அதன்மேல் பெட்ரோல், ஐஸ் பெட்டி, கூடாரம், காஸ் அடுப்பு, படுக்கை. எல்லாவற்றையும் குளியலறைத் தராசில் நிறுத்துப் பட்டியலிட்டபோது ஒரே நடையில் போவது சரிவராது என்று தெளிவாகிவிட்டது. முதல் நடையில் நான் தண்ணீரும் கூடாரமும் கொண்டுபோய் இறக்கிவிட்டு வருவேன். அந்த நேரத்தில் மனைவியும் பிள்ளைகளும், நடந்து ஏறுபவர்களிடம் கட்டணம் வாங்காத சங்கிலியைப் பற்றி நகரும் படகில் ரேமண்ட் தீவுக்குப் போய், மரக்கிளைகளில் தூங்கும் கோவாலாக்களைப் பார்த்துவருவார்கள். பெட்ரோலும் இந்த இரட்டை நடையைக் கணக்கில் வைத்தே: போவதற்கு மூன்றில் ஒரு பங்கு, வருவதற்கு ஒரு பங்கு, எதிர்பாராததற்கு ஒரு பங்கு.

இனி டிரெய்லர். மெல்பர்னிலிருந்து பெயின்ஸ்வில் ஏறக்குறைய 300 கிலோமீட்டர். எங்கள் டிரெய்லருக்கு பிரேக் இல்லை. ஏற்றிய பாரத்தோடு 750 கிலோவுக்கு உட்பட்ட டிரெய்லருக்கே அது அனுமதி. படகு காலியாகத்தானே வருகிறது என்று சாமான்களை அதற்குள் திணிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அப்படிச் செய்தால் மொத்த எடை கூடுவதோடு, பின்பக்கம் கனத்து, காரின் கொக்கியில் அமர வேண்டிய பாரம் குறைந்து, வேகத்தில் டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மேல் நிற்கும்படி பார்த்துக்கொள்வது பொதுவாகப் பின்பற்றப்படும் அளவு. ஆகவே கனமானவை காருக்குள்ளும், மெத்தை, லைஃப் ஜாக்கெட் போன்ற லேசானவை மட்டும் படகுக்குள்ளும் போகின்றன.

படகு டிரெய்லரில் நான் அதிகம் கவலைப்படுவது சக்கரம் உராயாமல் சுழல உதவும் பேரிங்கைப் பற்றித்தான். மணிக்கணக்காக ஓடி வந்த சக்கரத்தின் நடுப்பகுதி சூடேறியிருக்கும். அதை உடனே குளிர்ந்த நீரில் இறக்கினால் உள்ளிருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, ரப்பர் சீலைத் தாண்டித் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. கிரீஸ் வெளுத்துப் பால் நிறமாகி, உராய்வைத் தாங்கும் சக்தியை இழந்து, சில வாரங்களில் பேரிங் துருப்பிடிக்கிறது. பிறகு ஏதோ ஒரு நெடுஞ்சாலையில் சக்கரம் இறுகி நின்றுவிடுகிறது. இதற்கு முன்னெச்சரிக்கை மிக எளிது. புறப்படுவதற்கு முந்தைய வாரம் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். கரகரவென்று சத்தம் வந்தாலோ, மேலும் கீழும் பிடித்து அசைத்தால் ஆட்டம் தெரிந்தாலோ பேரிங்கை மாற்றிவிட வேண்டும். வழியில் வண்டியை நிறுத்தும் இடத்திலெல்லாம் சக்கரத்தின் நடுவில் புறங்கையை அருகே கொண்டுபோய்ச் சூட்டைப் பார்க்கலாம். ஒரு பக்கம் மட்டும் அதிகமாகச் சுட்டால் அங்கே கோளாறு இருக்கிறது. நாங்கள் இரவு தங்கிவிட்டு மறுநாள் காலையில் படகை இறக்குவதால், சக்கரம் முழுவதும் ஆறுவதற்கு நேரமும் கிடைக்கிறது.

துறைக்கு வந்ததும் சரிவில் இறங்குவதற்கு முன்பே, ஓரமாக நின்று எல்லா வேலையையும் முடித்துவிடுவது மற்றவர்களுக்குச் செய்யும் மரியாதை. கட்டுப் பட்டைகளை அவிழ்ப்பது, விளக்கு வயரைக் கழற்றுவது, படகின் அடியில் உள்ள வடிகால் துளைக்கு அடைப்பானை முடுக்குவது ஆகியவற்றை என் மகள் பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாக உரக்கப் படிக்க, நான் செய்வேன்.

விக்டோரியா மாநிலச் சட்டப்படி 4.8 மீட்டர் வரையிலான மோட்டார் படகில், ஓடும்போது திறந்த பகுதியில் இருக்கும் அனைவரும் லைஃப் ஜாக்கெட் அணிந்திருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு வயதைக் கொண்டு வாங்காமல் எடையைக் கொண்டு வாங்க வேண்டும். எல்லாப் பட்டைகளையும் பூட்டிய பிறகு இரு தோள்களிலும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் மோவாயைத் தாண்டி முகத்தருகே ஏறினால், தண்ணீரிலும் அப்படித்தான் கழன்று வரும். சென்ற ஆண்டு வாங்கியது இந்த ஆண்டு மகனுக்கு இறுக்கமாகிவிட்டதால் புதிது வாங்கியாயிற்று.

சாப்பாட்டைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. தீத்தடை அறிவிக்கப்பட்ட நாளில் வெளியில் தீ மூட்டக் கூடாது என்பதால், அடுப்பில்லாமலே ஒரு நாள் ஓட்டும்படி புளியோதரையும் ரொட்டியும் பழமும் இருக்கும். மீன்பிடி உரிமம் வாங்கியிருக்கிறோம். கறுப்பு பிரீம் என்ற மீன் 28 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் திரும்ப விட்டுவிட வேண்டும் என்பதால் படகின் ஓரத்தில் அளவுகோல் ஒட்டியிருக்கிறது.

காற்று எங்கள் எல்லையைத் தாண்டினால் ஏரியைக் கடக்காமல் பெயின்ஸ்வில் கேரவன் பூங்காவிலேயே தங்கி, மக்மில்லன் நீரிணைக்குள் மட்டும் படகு விடுவோம். இதைப் பிள்ளைகளிடம் இப்போதே சொல்லியாயிற்று. திரும்பும் நாளுக்கு முந்தைய மாலையே முன்னறிவிப்பைப் பார்த்து, மறுநாள் காலை சந்தேகமாக இருந்தால் ஒரு நாள் கூடுதலாக அங்கேயே இருப்பதற்கான தண்ணீரையும் சேர்த்தே ஏற்றுகிறோம். கடல்வாய் திறந்ததிலிருந்து ஏரி நீர் உப்பாகிவிட்டதால், வீடு வந்த அன்றே மோட்டாருக்குள் நல்ல தண்ணீரை ஓடவிட்டு, டிரெய்லரின் ஸ்பிரிங்கையும் சக்கரங்களையும் ஹோஸ் பிடித்துக் கழுவிவிட்டுத்தான் கூடாரத்தைப் பிரித்துக் காயவைக்க வேண்டும்.