பில்லர் எண்ணால் நினைவில் நிற்கும் நாகர்கோவில்

தொலைபேசித் துறையில் லைன்மேனாகவும், கேபிள்களை இணைக்கும் ஜாயிண்டராகவும் நாகர்கோவிலில் காலம் கழித்தவர்களுக்கு ஊர் தெருப் பெயரால் நினைவில் நிற்பதில்லை. எந்த முக்கில் எந்த பில்லர் (கேபிள்கள் பிரியும் தெருவோரப் பெட்டி), எந்த மதில் ஓரம் டி.பி. (வீடுகளுக்குக் கம்பி பிரியும் சிறு பெட்டி) போஸ்ட், மழை பெய்தால் எந்த ஜாயிண்டில் தண்ணீர் இறங்கும் என்றுதான் நிற்கிறது. 2020 ஜனவரி 31 அன்று விருப்ப ஓய்வில் நாடு முழுவதும் 78,000க்கும் அதிகமானோர் பி.எஸ்.என்.எல்.லை விட்டு ஒரே நாளில் வெளியேறினார்கள். ஒரே நாளில் அத்தனை பேர் போனதால் பல இடங்களில் ஒழுங்கான வழியனுப்பு விழாகூட நடக்கவில்லை. இரண்டு மாதத்துக்குள் ஊரடங்கும் வந்துவிட்டது. வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்தவர்கள் அப்படியே மூட்டை கட்டிப் போனார்கள். இப்போது பிள்ளைகளோடு சென்னையிலும் மதுரையிலும் இருப்பவர்கள் பழைய கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு ஊருக்கு ஒருமுறை வர ஆசைப்படுவதில் நியாயம் இருக்கிறது.

வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு வேன் பிடித்து கன்னியாகுமரி, பத்மநாபபுரம் அரண்மனை, திற்பரப்பு என்று சுற்றிவிட்டு இரவு ரயிலேறிவிடுகிறார்கள். அந்த இடங்கள் எங்கும் போகப்போவதில்லை. வேலை பார்த்த ஊரைப் பார்க்க வேண்டுமானால் கேபிள் போன வழியே நடக்க வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

அந்த வழி எளியது. எக்ஸ்சேஞ்சில் எம்.டி.எஃப்., அதாவது எல்லா லைன்களும் வந்து சேரும் சட்டம். அங்கிருந்து நூற்றுக்கணக்கான கம்பி ஜோடிகள் (ஒரு இணைப்புக்கு ஒரு ஜோடி) கொண்ட பிரைமரி கேபிள் தரைக்கடியில் ஒரு மீட்டர் ஆழத்தில், மேலே செங்கல் அடுக்கி, பில்லர் வரை வரும். பில்லரிலிருந்து நூறு, ஐம்பது, இருபது ஜோடி என்று சிறுத்துக்கொண்டே போய் பத்து ஜோடி டி.பி.யில் முடியும். டி.பி.யிலிருந்து வீட்டுக்கு டிராப் ஒயர். பத்து ஜோடியை நிறத்தால் பிரிப்பார்கள்: வெள்ளையோடு நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல் என்று ஐந்து, சிவப்போடு அதே ஐந்து. ஓய்வு பெற்றுப் பல வருடமான ஜாயிண்டரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த வரிசை பிசகாது.

இந்த மாவட்டத்தில் அந்த வேலை ஏன் கடினம் என்பதை மற்ற மாவட்டத்துக்காரர்கள் எளிதில் ஒத்துக்கொள்வதில்லை. இங்கே ஜூனில் தொடங்கும் தென்மேற்கு மழையும் உண்டு, அக்டோபரில் தொடங்கும் வடகிழக்கு மழையும் உண்டு. ஒரு மழையில் ஊறிய மண் காய்வதற்குள் அடுத்தது வந்துவிடும். பழைய ஈய உறை கேபிளில் ஜோடிகளுக்குக் காகிதச் சுற்றுதான் காப்பு. உறையில் ஊசித்துளை விழுந்தாலும் காகிதம் தண்ணீரை உறிஞ்சி, ஒரு முழம் இரண்டு முழமாகக் கேபிளே கெட்டுப்போகும். அதனால்தான் உள்ளே உலர்ந்த காற்றை அழுத்தி வைத்தார்கள். உள்ளே ஜெல்லி நிரப்பிய கேபிள் வந்தபின் கேபிள் தாங்கியது, பழுது ஜாயிண்டுக்கு இடம் மாறியது. உறையைச் சுரண்டிச் சுத்தம் செய்யாமல், ஜாயிண்டை மூடும், சூட்டில் சுருங்கும் ஸ்லீவை மாட்டினாலோ, தீயைச் சுற்றிலும் சமமாகக் காட்டாமல் ஒரு பக்கம் மட்டும் சுருக்கினாலோ, அடிப்பக்கத்தில் மயிரிழை இடைவெளி நின்றுவிடும். முதல் மழையில் ஒன்றும் தெரியாது. அடுத்த மழையில் நாலைந்து ஜோடியில் இரைச்சல், அதற்கடுத்ததில் பழுது சொல்லும் எண்ணான 198க்கு வரிசையாகப் புகார்.

குளச்சல், முட்டம் பக்கம் வேறு தொல்லை. உப்புக்காற்றில் டி.பி. முனைகளில் பச்சைக் களிம்பு ஏறும். மூடியைத் திறந்ததும் தெரியும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் தொய்வு சரியாக வைக்காத டிராப் ஒயர் கொக்கியில் உரசி உரசி அறும். மேற்கே கல்குளம், விளவங்கோடு வட்டங்களில் தென்னை மட்டையும் ரப்பர் மரக் கிளையும் விழாத நாள் குறைவு. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது விழுந்த மரங்களோடு போஸ்ட்களும் கம்பிகளும் சேர்ந்தே தரைக்கு வந்தன. லைனில் ஓய்வு நிலையில் 48 வோல்ட், விரலுக்குத் தெரியாது. மணி அடிக்கும்போது அது 75 வோல்ட் மாற்று மின்சாரம். மழையில் நனைந்த கையோடு போஸ்டில் தொங்கிக்கொண்டு ஜோடியைப் பிடித்திருக்கையில் அந்த எண்ணுக்கு அழைப்பு வந்தால் தோள்வரை இழுக்கும். இடுப்புப் பட்டை மாட்டாமல் ஏறியவர்கள் விழுந்தது இதனாலும்தான்.

இவ்வளவும் நடந்த வழியில் நடக்கப் பிப்ரவரி முதல் பாதி நல்லது. மழை விட்டிருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை சபரிமலைக் கூட்டத்தால் கன்னியாகுமரியில் அறை கிடைப்பதும் விலையும் சிரமம். டிசம்பர் தொடக்கத்தில் கோட்டாறு சவேரியார் திருவிழா, மார்கழியில் சுசீந்திரம் தேர், மாசியில் மண்டைக்காட்டுக் கொடை. விழாவுக்காக வருகிறவர்களுக்கு அவை சிறப்பு. தெருவில் நின்று பேச வருகிறவர்களுக்கு இடைஞ்சல். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. மூத்தவர்களுக்குக் கீழ்ப்படுக்கை வேண்டுமென்றால் திறக்கிற அன்றே எல்லோருக்கும் ஒருவரே எடுத்துவிட வேண்டும். ஆளாளுக்கு எடுத்தால் நாலு பெட்டியில் சிதறிப்போவார்கள். நாகர்கோவில் ஜங்ஷன், நாகர்கோவில் டவுன் என்று இரண்டு நிலையம் இருப்பதையும் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். பாதிப் பேர் கோட்டாறு பக்கமும் பாதிப் பேர் டவுனிலும் இறங்கித் தேடிக்கொள்வது வழக்கமாக நடக்கிற குழப்பம்.

எட்டிலிருந்து பத்துப் பேர் போதும். அதற்கு மேல் போனால் கூட்டம் இரண்டாகப் பிரியும். காலை ஆறு மணிக்கு வடசேரியில் தொடங்கி மணிமேடை, வேப்பமூடு, செட்டிகுளம் வழியாகக் கோட்டாறு வரை நடக்கலாம். மூன்று, நான்கு கிலோமீட்டர் இருக்கும். எட்டரைக்கு மேல் பள்ளி வண்டிகள் இறங்கிவிடும், நின்று பேச முடியாது. முட்டி வலிக்காரர்கள் வேப்பமூடு பூங்காவில் காத்திருந்து சேர்ந்துகொள்ளட்டும். ஊருக்குள் வேன் வேண்டாம். ஒருவழிப் பாதையில் சுற்றிச் சுற்றி நேரம் போகும், ஆட்டோ போதும். பல பில்லர்கள் கதவில்லாமல், கொடி படர்ந்து நிற்கும். சிலது சாலை அகலப்படுத்தியதில் போயே போய்விட்டது. அந்த இடத்தில் ஒருவர், "அண்ணாச்சி, இங்கல்லா நம்ம பில்லர் நின்னுச்சு!" என்பார். இன்னொருவர் இல்லை, பத்தடி தள்ளி என்பார். அந்தத் தர்க்கத்துக்கு அரைமணி ஒதுக்கியே திட்டம் போடுங்கள், இந்தப் பயணத்தின் பாதி இன்பம் அதில்தான்.

எக்ஸ்சேஞ்சுக்குள் போக வேண்டுமென்றால் இரண்டு வாரம் முன்பே அதிகாரிக்கு எழுத்தில் கேளுங்கள். பெயர், பழைய பதவி, ஓய்வு பெற்ற ஆண்டு மூன்றும் இருந்தால் போதும். சொல்லாமல் போய் வாசலில் நின்றால், உள்ளே இருப்பவர் நம்மைத் தெரியாத இளைஞராக இருப்பார்; அவருக்கும் சங்கடம், நமக்கும் மனக்கசப்பு. உள்ளே எம்.டி.எஃப். பெரும்பாலும் காலி, இப்போது எல்லாம் ஃபைபர். அரைமணிக்கு மேல் நிற்காதீர்கள், கருவிகளைப் படம் எடுக்காதீர்கள்.

மதியச் சாப்பாட்டை முந்தின நாளே சொல்லிவைத்தால் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் பத்துப் பேருக்குத் தட்டில்லாமல் கிடைக்கும். இரண்டாம் நாள் வெளியே போவதானால் திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை என்பதை மறக்காதீர்கள். மாத்தூர் தொட்டிப்பாலத்தில் 115 அடி உயரத்தில் மேலே நடப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். கீழே இறங்கினால் ஏறுவது வயதானவர்களுக்குப் பாடு.

இனி உண்மையில் முக்கியமான வேலை: மறைந்த தோழர்களின் வீடுகள். பத்துப் பேரும் மொத்தமாகப் போய் இறங்கக்கூடாது. குடும்பத்தை அறிந்த இரண்டு மூன்று பேர், முதல் நாளே போனில் சொல்லிவிட்டு, மாலை நாலு மணிக்கு மேல் போங்கள். பேச்சு முடிந்ததும் மயினியிடம் (தோழரின் மனைவியிடம்) பென்ஷன் காகிதங்களை எடுத்து வரச் சொல்லிப் பாருங்கள். குடும்ப ஓய்வூதியம் பெறுபவருக்கு 80 வயது நிறைகிற மாதத்திலிருந்து 20 சதவீதம் கூடுதல் உண்டு. 85க்கு 30, 90க்கு 40. ஓய்வூதிய ஆவணத்தில் மனைவியின் பிறந்த தேதி பதியாமலேயே இருந்தால் இந்தக் கூடுதல் தானாக வராது. வயதுச் சான்றோடு விண்ணப்பிக்க வேண்டும். கேட்க ஆளில்லாத வீடுகளில் இது வருடக்கணக்கில் அப்படியே கிடக்கிறது.

ஆண்டுக்கு ஒருமுறை தரவேண்டிய உயிர்வாழ் சான்றையும் அப்போதே பார்த்துவிடுங்கள். தேய்ந்த விரல்களில் ரேகை விழாமல் இயந்திரம் திருப்பி அனுப்பும். முகத்தைக் காட்டிப் பதிகிற செயலி கைப்பேசியிலேயே இருக்கிறது. வெளிச்சம் முகத்தில் விழும்படி திண்ணையில் உட்காரவைத்து, ஆதார் எண், பென்ஷன் ஆணை எண், வங்கிக் கணக்கு எண் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு செய்தால் சீக்கிரம் முடிந்துவிடும். ஆதாரில் உள்ள பெயரும் பென்ஷன் ஆணையில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்றும் பாருங்கள். தந்தை பெயரின் முதலெழுத்து ஒன்றில் முன்னும் மற்றொன்றில் பின்னும் இருப்பது நம் பக்கம் சாதாரணம். வித்தியாசம் இருந்தால் இரண்டையும் நகலெடுத்து, உள்ளூரில் இருக்கும் ஒரு தோழர் பொறுப்பில் விட்டுவிட்டு ரயிலேறுங்கள். செலவுக்குத் திரட்டியதில் மிச்சமிருக்கும் பணம் அவருடைய போக்குவரத்துச் செலவுக்கு இருக்கட்டும்.